'சும்மா' என்று சொன்ன பிள்ளைக்காக

திருகோணமலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் பெரியவர்களுக்கு வணக்கம்.

கடை முதலாளிமார், விடுதி நடத்துபவர்கள், நிதிக் கம்பனி முகாமையாளர்கள், தனியார் கல்வி நிலைய நிர்வாகிகள் என்று, நேர்முகத் தேர்வு மேசைக்கு அந்தப் பக்கம் உட்காருகிற எல்லாருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். நான் ஓய்வுபெற்ற தாதி. முப்பத்திரண்டு வருடம் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் வேலை செய்தேன், அதில் பெரும்பகுதி இந்த மாவட்டத்தில்தான். உங்களில் சிலருக்கு ஊசி போட்டிருப்பேன். சிலருடைய பிள்ளைகள் பிறந்த இரவில் வாட்டில் நின்றிருப்பேன். அந்த உரிமையில் உங்களோடு ஒரு விசயம் பேச வேண்டும்.

என் தங்கையின் மகன், எனக்குப் பெறாமகன், வயது இருபத்துநான்கு. கணக்கியலில் உயர் டிப்ளோமா முடித்தவன். மூன்று மாதத்துக்கு முன் நகரத்தில் ஓர் இடத்தில் கணக்குப் பகுதிக்கு ஆள் கேட்டிருந்தார்கள். எந்த இடம் என்று எழுதமாட்டேன். அந்த ஓர் இடத்தோடு எனக்குச் சண்டை இல்லை, இப்படிப் பல இடங்களில் நடக்கிறது. உள்ளே மூன்று பேர் இருந்திருக்கிறார்கள். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லியிருக்கிறான். சான்றிதழ்க் கோவையை நீட்டும்போது சட்டைக் கை மேலே ஏறிவிட்டது.

"உதென்ன கையில?"

"டாட்டூ, சேர்."

"ஏன் குத்தினீர்?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சும்மா, சேர்" என்றிருக்கிறான்.

"சும்மா உடம்பைப் பழுதாக்கிற ஆள் எங்கட கணக்கை எப்பிடிப் பாப்பீர்?" என்று கேட்டுவிட்டு, அடுத்தவரை வரச் சொல்லிவிட்டார்கள். அந்த வேலை அவனுக்குக் கிடைக்கவில்லை.

அவன் கையில் இருப்பது ஓர் இஞ்ச் ரேப். தையல்காரர் கழுத்தில் மாலை மாதிரித் தொங்குமே, அந்த அளவு நாடா. இடது முழங்கைக்குக் கீழே உட்பக்கத்தில் தொடங்கி மணிக்கட்டை நோக்கி ஏழரை அங்குலம் வருகிறது. என்னுடைய நாடாவை அதன்மேல் வைத்துப் பார்த்தேன், கோடுகள் நூலளவும் பிசகவில்லை. ஆனால் 3, 4 என்ற இரண்டு எண்கள் மட்டும் மங்கல். குத்தியவர் விட்ட பிழை என்றுதான் முதலில் நினைத்தேன். அவன் அலுமாரியைத் திறந்து தாயின் பழைய நாடாவை எடுத்துக் காட்டினான். மஞ்சள் நாடா, ஓரம் நூல் நூலாகப் பிரிந்திருக்கிறது. அதிலும் அந்த இரண்டு எண்கள்தான் அழிந்து போயிருந்தன. துணியில் வைத்து அளக்கும்போது என் தங்கை இடது பெருவிரலால் அழுத்திப் பிடிக்கிற இடம் அது. இருபது வருடம் அழுத்தி அழுத்தி எண் தேய்ந்துவிட்டது. "இதையும் இப்பிடியே மங்கலாக் குத்துங்கோ அண்ணை" என்று குத்தியவரிடம் கேட்டு வாங்கியிருக்கிறான்.

என் தங்கை பள்ளிக்கூடச் சீருடை தைத்து அவனைப் படிப்பித்தவள். ஜனவரி வந்தால் அந்த வீட்டில் விடிய விடிய மெசின் சத்தம் கேட்கும். இரண்டு வருடத்துக்கு முன் போய்விட்டாள்.

"இதை அவையளுக்குச் சொல்லியிருக்கலாமே ராசா" என்று கேட்டேன்.

"எப்பிடிப் பெரியம்மா? வேலை கேக்கப் போன இடத்தில அம்மாவைத் தூக்கி மேசையில வைக்கிறதா?"

எனக்கு மறுபேச்சு வரவில்லை. 'சும்மா' என்பது நம் ஊரில் கதவைச் சாத்துகிற சொல். அழுது சிவந்த கண்ணோடு நிற்கிற பெண்ணை என்ன என்று கேட்டால் சும்மா என்பாள். கடற்கரையில் தனியே இருக்கிற கிழவரை என்ன யோசனை என்று கேட்டால் சும்மா என்பார். கேட்டவர் விளங்கிக்கொண்டு பேசாமல் விட்டுவிடுவதுதான் வழக்கம். அந்த மேசையில் இருந்த மூன்று பேருக்கும் இது தெரியாமல் இருந்திருக்காது. அவர்களும் தமிழ் பேசிப் பிறந்தவர்கள்தானே.

பச்சை குத்தியவர்களைப் பற்றி எனக்கு இவ்வளவு தெரிந்ததற்குக் காரணம் என் தொழில்தான். இரத்தம் எடுக்க வேண்டுமென்றால் சட்டைக் கையை மடிக்க வேண்டும். மேற்கையில் இறப்பர் பட்டியைக் கட்டி, உள்மடிப்பில் விரலால் தட்டி நரம்பு தேடுவோம். பயந்த ஆளுக்குப் பேச்சுக் கொடுத்தால் ஊசி ஏறியதே தெரியாது. கையில் பச்சை இருந்தால் பேச்சுக்குப் பஞ்சமே இல்லை. "இது ஆர் பேர் ஐயா?" என்று தொடங்குவேன். கையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு கேட்டால் சொல்வார்கள். பலர் வீட்டில்கூடச் சொல்லாததை எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். சிலர் சொல்லவில்லை. அதற்காக நான் ஊசியை அழுத்திக் குத்தியதில்லை.

முதலில் ஓர் ஆச்சியைப் பற்றிச் சொல்கிறேன். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து எத்தனையோ குடும்பங்கள் வடக்குக்கும் கிழக்குக்கும் வந்து குடியேறின, அப்படி இந்த மாவட்டத்துக்கு வந்த ஒரு குடும்பத்தின் ஆச்சி. முன்கை முழுக்கப் புள்ளிக் கோலம், அதற்குக் கீழே ஒரு தேள், பக்கத்தில் அவருடைய பெயர். சின்ன வயதில் குறத்தி குத்தியது என்றார். மஞ்சளும் அகத்தி இலையும் சேர்த்து அரைத்துத் துணியில் தேய்த்து, அந்தத் துணியைத் திரியாக்கி விளக்கெண்ணெயில் எரித்து, மேலே கவிழ்த்த சட்டியில் படியும் கரியை வழித்து எடுப்பார்களாம். கரி கறுப்புத்தான், தோலுக்கு அடியில் போனதும் பச்சையும் நீலமும் கலந்தமாதிரித் தெரியும். பச்சை என்ற பெயர் அதனால் வந்தது. வலி தெரியாமல் இருக்கக் குறத்தி பாடிக்கொண்டே குத்துவாளாம். நான் பேச்சுக் கொடுத்த மாதிரி அவள் பாட்டுக் கொடுத்திருக்கிறாள்.

"ஏன் ஆச்சி, வலியைத் தாங்கிக்கொண்டு இவ்வளவும் குத்தினது?"

"நகை எல்லாத்தையும் கழட்டிக்கிட்டுத்தானே மிஸ்ஸி அனுப்புவாங்க. இது ஒண்ணுதான் கூட வரும்."

தோட்டத்தில் கொழுந்து பறித்த அந்தக் கையில் நான் ஒருநாளும் ஒரு வளையல்கூடப் பார்க்கவில்லை. யாரும் அடகு வைக்க முடியாத, யாரும் பறிக்க முடியாத ஒன்று அந்தக் கோலம் மட்டுந்தான்.

ஆகவே 'இது வெள்ளைக்காரன் பழக்கம்' என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். டாட்டூ என்ற சொல்தான் பசிபிக் தீவுகளில் பிறந்து கப்பல் ஏறி ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து நமக்கு வந்தது. பழக்கம் நம் பாட்டிமாரின் கையில் ஏற்கனவே இருந்தது. உங்களில் எத்தனை பேருடைய பூட்டிக்குக் கையில் பச்சை இருந்தது என்று வீட்டில் மூத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

அடுத்தவர் டொக்யார்ட்டில் வேலை செய்த ஓர் ஐயா. 1957 வரை பிரித்தானியக் கடற்படை நம் துறைமுகத்தில் தளம் வைத்திருந்தது உங்களுக்குத் தெரியும். அவர் பெடியனாக அங்கே வேலைக்குச் சேர்ந்தவர், கையில் நங்கூரம் குத்தியிருந்தார். மாலுமிகளுக்கு அது வெறும் படம் இல்லை. நங்கூரம் என்றால் அத்திலாந்திக் கடந்தவன். தகைவிலான் குருவி என்றால் 5000 கடல்மைல் ஓடியவன். அந்தக் குருவி எவ்வளவு தூரம் போனாலும் கூட்டுக்குத் திரும்பி வரும் என்பதால் வீடு போய்ச் சேருவோம் என்ற நம்பிக்கையும் அதில் உண்டு. கடலில் இறந்தால் உடம்பை அடையாளம் காணலாம் என்பதும் ஒரு காரணம். இதெல்லாம் அந்த ஐயா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவரைக் கேட்டேன், "நீங்கள் எந்தக் கடல் தாண்டினீங்கள்?" "மூதூர் லோஞ்சில போறதுதான் பிள்ளை" என்றார். பிறகு கொஞ்சம் பொறுத்து, "அந்த வயசில அவங்களைப்போல இருக்க ஆசை" என்றார். ஒரு கூட்டத்தில் தானும் ஒருவன் என்று காட்ட ஆசைப்படுவது எவ்வளவு பெரிய காரணம் என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. பள்ளிக்கூட ரை கட்டுவதும் கழகத்தின் பெயர் போட்ட ரீசேட் போடுவதும் அந்த ஆசையில்தானே.

அடையாளம் காண்பது பற்றி எழுதும்போது கை தயங்குகிறது. சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 அன்றும் அதற்கடுத்த நாட்களிலும் இந்தக் கரையில் வேலை செய்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. உறவுகளைத் தேடி வந்தவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை, முகத்தில் பார்க்க ஒன்றும் இருக்கவில்லை. மச்சம், தழும்பு, கொலுசு, பச்சை, இவற்றைத்தான் தேடினார்கள். சில வருடம் கழித்து ஒரு மீனவத் தம்பிக்குக் காயம் கட்டினேன். நெஞ்சில் மனைவி பெயரும் இரண்டு பிள்ளைகளின் பெயரும் வரிசையாக இருந்தன. "அவையள் என்னைத் தேடி வந்தா, ஆர் எண்டு தெரிய வேணும் மிஸ்ஸி" என்றான். அவன் கடலுக்குப் போகிறவன், அவன் கணக்குச் சரி.

மற்றவர்களையும் சொல்கிறேன், சுருக்கமாக. வேல் குத்தியவர், சிலுவை குத்தியவர், காதலியின் பெயரைக் குத்திப் பிறகு அதன்மேல் ஒரு ரோசாப்பூவைக் குத்தி மறைத்தவர். இரத்த வகையைக் குத்திய ஓட்டோக்காரர். கையில் எரிகாயத் தழும்பு இருந்ததால் அதன்மேல் கொடியும் இலையும் வரைந்துகொண்ட ஒரு பெண். யாராவது கையைப் பார்த்தால் இனி இலையைப் பற்றித்தான் கேட்பார்கள் என்றாள். வைத்தியத்திலும் பச்சை உண்டு. புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை செய்யும்போது ஒவ்வொரு நாளும் ஒரே இடத்தில் கதிர் விழ வேண்டும் என்பதற்காக, தோலில் மிகச் சிறிய புள்ளிகளைக் குத்துகிற வழக்கம் பல நாடுகளில் இருக்கிறது. 1991இல் ஐரோப்பாவின் அல்ப்ஸ் மலைப் பனியில் கிடைத்த மனிதனின் உடல் ஐயாயிரம் வருடத்துக்கும் பழையது. அவன் உடம்பில் 61 பச்சைக் கோடுகளையும் குறிகளையும் எண்ணியிருக்கிறார்கள். பல கோடுகள் இடுப்பிலும் முழங்காலிலும் கணுக்காலிலும் இருக்கின்றன, அவனுக்கு மூட்டுத் தேய்வு இருந்த இடங்கள். வலிக்கு வைத்தியமாகக் குத்தியிருக்கலாம் என்று ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். வாட்டில் 'இங்கதான் மிஸ்ஸி நோகுது' என்று விரலால் தொட்டுக் காட்டுகிறவர்களை ஆயிரக்கணக்கில் பார்த்த எனக்கு அதை நம்புவது கடினமில்லை.

இவ்வளவையும் நான் எழுதியது, சோகக் கதை இருந்தால் மன்னித்து வேலை கொடுங்கள் என்று கேட்பதற்கல்ல. இங்கேதான் நீங்கள் என்னைப் பிழையாக விளங்கிக்கொள்ளக் கூடும். உப்புவெளியில் ஒரு பெடியன் தோளில் கடலாமை குத்தியிருந்தான். ஏன் தம்பி என்று கேட்டேன். "வடிவா இருக்கு மிஸ்ஸி." அவ்வளவுதான். தாயும் சாகவில்லை, காதலும் தோற்கவில்லை, கடலாமை வடிவாக இருந்தது. அந்தக் காரணம் எனக்குப் போதும். என் பெறாமகனுக்கு வேலை கொடுத்துவிட்டு அந்த ஆமைக்காரனைத் திருப்பி அனுப்பினால் அதுவும் அநியாயம். வேலை கேட்டு வருகிற பிள்ளை தன் உடம்புக்குக் காரணம் சொல்லித் தப்ப வேண்டிய நிலை இருக்கக் கூடாது என்பதுதான் நான் சொல்ல வந்தது.

நாம் எல்லாரும் உடம்பைக் குத்திக்கொள்கிற ஆட்கள்தான். மாமன் மடியில் வைத்துக் குழந்தைக்குக் காது குத்துகிறோம், அந்தக் குழந்தையை யாரும் சம்மதம் கேட்பதில்லை. மூக்குத்தி போட்ட பெண் வேலைக்கு வந்தால் ஏன் மூக்கில் ஓட்டை போட்டீர் என்று நீங்கள் கேட்பதில்லை. நேர்த்தி வைத்து அலகு குத்திக் காவடி எடுக்கிறவரைக் கையெடுத்துக் கும்பிடுகிறோம். முஸ்லிம் சகோதரர்களுக்கு மார்க்கம் பச்சை குத்துவதைத் தடுக்கிறது, அதை நான் மதிக்கிறேன். கிண்ணியாவிலும் மூதூரிலும் கடை வைத்திருக்கும் முதலாளிமார் அந்த நம்பிக்கையைத் தங்கள் உடம்பில் காப்பது அவர்கள் உரிமை. வேலைக்கு வருகிற இன்னொருவரின் உடம்பு அவருடையது.

இப்போது எனக்கு மிகவும் கடினமான பகுதி. உங்களில் பலர் என் வயதுக்காரர். ஆகவே உங்களுக்கும் ஞாபகம் இருக்கும்.

என் அண்ணாவுக்கு இடது தோளில் ஒரு தழும்பு. நாலு வயதில் கொதிக்கிற கஞ்சிப் பானையை இழுத்து ஊற்றிக்கொண்டது. அந்தத் தழும்புக்காக அவர் யுத்த காலம் முழுக்க ஒரு ஆஸ்பத்திரிக் கடதாசித் துண்டைப் பொலித்தீன் பையில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்திருந்தார். சோதனைச் சாவடியில் இறங்கச் சொல்வார்கள். சட்டையைக் கழற்றச் சொல்வார்கள். துவக்கு வைத்திருக்கிறவர் தழும்பைக் காட்டி, இது என்ன, எப்படி வந்தது, எங்கே வந்தது என்று கேட்பார். அண்ணா துண்டை நீட்டுவார். சில நாள் அது போதும், சில நாள் போதாது. வெயிலில் மேல் சட்டை இல்லாமல் வீதி ஓரத்தில் நின்று, தன் தோலுக்குத் தானே விளக்கம் சொல்லிக்கொண்டு இருந்த மனிதனை நான் பஸ் யன்னலால் பார்த்திருக்கிறேன். எங்களுக்கு முன்னால் அவர் அதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை.

நம் தலைமுறைக்கு உடம்பில் அடையாளம் என்றாலே பயம் வந்தது அதனால்தான். பிள்ளை பச்சை குத்திக்கொண்டு வந்தால் நெஞ்சு திக்கென்று அடித்துக்கொள்கிறதே, அதில் பாதி ஒழுக்கம் பற்றிய கவலை இல்லை, பழைய பயம். நானும் பெறாமகனின் கையை முதன்முதல் பார்த்தபோது 'ஐயோ, இதைக் கேட்டால் என்ன சொல்லுவாய்' என்றுதான் கத்தினேன். யார் கேட்பார் என்று அவன் திருப்பிக் கேட்டான். என்னிடம் பதில் இல்லை. சாவடிகளை எடுத்து எத்தனையோ வருடமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்படி இருக்க, அந்தக் கேள்வி அவனுக்கு நம்மவர் மேசையில் இருந்து வந்தது. உதென்ன, ஏன், எதுக்கு. கேட்டவர்களிடம் துவக்கு இல்லை, அவன் மாதச் சம்பளம் இருந்தது. எனக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை. அந்தக் கேள்விக்கு முன்னால் நின்றவர்கள் நாம். அந்தக் கதிரையில் நாமே போய் உட்காரலாமா?

இந்த நாட்டின் உயர் நீதிமன்றம்கூட இதைப் பற்றி ஒரு தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. 2014இல் கையில் புத்தரின் உருவம் குத்தியிருந்த ஒரு பிரித்தானியப் பெண்ணைக் கட்டுநாயக்க விமான நிலையத்தில் பிடித்துத் தடுத்து வைத்து நாடு கடத்தினார்கள். அவர் வழக்குப் போட்டார். அவரைக் கைது செய்ததற்குச் சட்ட ஆதாரம் இல்லை, அவருடைய அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று 2017இல் நீதிமன்றம் சொல்லி, 8 இலட்சம் ரூபா கொடுக்கச் சொன்னது. நான் சட்டம் படித்தவள் இல்லை, வேலை கொடுப்பதும் கொடுக்காததும் வேறு விவகாரம் என்று தெரியும். ஆனாலும் கையில் இருக்கும் படத்தை வைத்து ஓர் ஆளின் குணத்தை முடிவு செய்யக் கூடாது என்ற நியாயம் இரண்டுக்கும் பொதுவானதுதான்.

விடுதி நடத்துகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நிலாவெளியிலும் உப்புவெளியிலும் உங்களிடம் வந்து தங்குகிற வெளிநாட்டுக்காரரில் எத்தனை பேருக்குத் தோள் தொடங்கி விரல் வரை பச்சை இருக்கிறது! அவர்களை வாசலில் நின்று கைகூப்பி வரவேற்கிறீர்கள், அது சரியான காரியம். அதே மேசைக்குத் தேத்தண்ணி கொண்டுபோகும் சாம்பல்தீவுப் பெடியன் ஏப்ரல் வெயிலில் மணிக்கட்டு வரை சட்டையை இழுத்துப் பொத்தான் பூட்டிக்கொண்டு நிற்கிறான். ஒரே தோல்தானே ஐயா.

நோய் வரும் என்று சொல்கிறவர்களுக்கு மறுப்பு இல்லை. தாதியாக நானும் அதைத்தான் முதலில் சொல்வேன். ஆனால் அது பச்சை குத்தும் இடத்தில் கேட்க வேண்டிய கேள்வி. ஊசி ஒருவருக்கு ஒன்று, பொதியை உங்கள் கண் முன்னால் பிரிக்க வேண்டும். மைக்கு ஆளாளுக்குத் தனிச் சிறு கிண்ணம், மிஞ்சினால் கொட்டிவிட வேண்டும். திரும்பப் பாவிக்கும் கருவி இருந்தால் ஓட்டோகிளேவில், அதாவது அழுத்த நீராவியில் கிருமி கொல்லும் பெட்டியில், 121 பாகை செல்சியசில் கால் மணித்தியாலமாவது அவிய வேண்டும், சுடுதண்ணியில் அலசினால் போதாது. ஹெபடைடிஸ் பி கிருமி உடம்புக்கு வெளியே காய்ந்த இரத்தத்தில் ஏழு நாள் வரை உயிரோடு இருக்கும். எச்.ஐ.வி.யும் ஹெபடைடிஸ் சி.யும் ஒரே ஊசியைப் பலருக்குப் பாவித்தால் பரவக் கூடியவை. நம் தோலில் காயம் ஆறும்போது தடித்து எழும்பும் தழும்பு வருவது வெள்ளைத் தோலைவிட அதிகம், குடும்பத்தில் யாருக்காவது அப்படி இருந்தால் குத்தாமல் விடுவது நல்லது. குத்திய கையோடு கடலில் இறங்கக் கூடாது. காயம் ஆற இரண்டு மூன்று கிழமை ஆகும். புதுப் பச்சையோடு கடலில் குளித்த ஒருவர் கடல்நீர்க் கிருமி ஏறி இறந்ததை வைத்திய சஞ்சிகையில் 2017இல் எழுதியிருந்தார்கள், அவருக்கு ஏற்கனவே ஈரல் பழுதாக இருந்தது. கரையில் வாழ்கிற பிள்ளைகளுக்கு இதை யாராவது சொல்ல வேண்டும், எனக்குச் சொல்ல விருப்பம். பதினாறு வயதில் ஆர்வத்தில் காதலன் பெயரைக் குத்த நிற்கும் பிள்ளையைக் கண்டால் இன்றைக்கும் மறிப்பேன். மேல்தோல் ஏறக்குறைய மாதத்துக்கு ஒரு தடவை தன்னைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும், மை அதற்குக் கீழே உள்ள தோலில் போய்த் தங்கிவிடுகிறது. லேசரில் எடுக்கப் பல தடவை போக வேண்டும், செலவும் வலியும் குத்தியதைவிட அதிகம்.

இந்தக் கவலை எல்லாம் பிள்ளைகளின் உடம்பைப் பற்றியது. வேலை செய்யத் தெரியுமா என்பதற்கும் இதற்கும் தொடர்பு இல்லை.

உங்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் ஒன்றும் அல்ல. உங்கள் இடத்துக்குக் கையை மூட வேண்டும் என்ற விதி இருந்தால் அதை வேலை விளம்பரத்திலேயே போடுங்கள். வருகிறவர் தெரிந்துகொண்டு நீளக் கைச் சட்டையோடு வரட்டும், அல்லது வராமல் விடட்டும். இன்னொருவரை இழிவுபடுத்தும் படமோ தூசணமோ குத்தியிருந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள், நானும் உங்கள் பக்கம்தான். மற்றப்படி கண்ணில் பட்டால் பட்டதோடு விடுங்கள். ஆள் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் உங்களோடு தேத்தண்ணி குடித்த பிறகு அவனாகவே சொல்வான். சொல்லாவிட்டாலும் பரவாயில்லை.

அந்தப் பிள்ளை இன்னும் வேலை தேடுகிறான். உங்களில் யாருடைய மேசைக்காவது வரக் கூடும். பெறுமானத் தேய்வு போடத் தெரியுமா, வங்கிக் கணக்கிணக்கக் கூற்றுச் செய்வானா, மாத முடிவில் எத்தனை மணி வரை நிற்பான் என்று கேளுங்கள். அதற்கெல்லாம் அவனிடம் நல்ல பதில் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதி ஒருவர்,
திருகோணமலை